நான்காவது விதியும் நகராத சனியும்

சனிக் கோள் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நகராமல் நின்றது தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு; அன்றைக்கே என் வீட்டு அடுப்பும் அணைந்தது. ஊரில் எல்லாரும் முதல் சங்கதியைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசினார்கள். எனக்கு இரண்டாவதுதான் முதலில் உறைத்தது. அப்படிப்பட்ட ஆள் நான், மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் பெயர் பரமகுரு. வெம்பக்குளம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், அது சோற்றுக்கு. வெம்பக்குளம் வான்நோக்குக் கழகத்தில் பதினோரு வருஷமாகச் செயலாளர்; அது எனக்கு. ஓரிடத்தில் கால் தரிக்காத மனுஷன் நான், சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குள் நாலு தடவை எழுந்து வெளியே போய் வருவேன், கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் கை கழுவிவிடுவேன், ஆனால் வானம் மட்டும் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது, அதுவும் என்னை மாதிரியே நிற்காமல் போய்க்கொண்டிருப்பதால்தான் என்று நினைக்கிறேன். மாதம் ஒரு நாள், இரண்டாம் சனிக்கிழமை, மூடிக் கிடக்கும் பஞ்சுமில்லின் மொட்டைமாடியில் இருபத்திரண்டு பேர் கூடுவோம். கரண்ட் போனால் ஊரே திட்டும், நாங்கள் மட்டும் இருட்டைக் கும்பிடுவோம்.

எங்கள் டெலஸ்கோப்பு கடையில் வாங்கினது கிடையாது. நாலடி நீளப் பிளாஸ்டிக் குழாய், ஆசாரி அடித்துக் கொடுத்த மரத்தொட்டில், குழாயின் அடியில் எட்டு அங்குலக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்தோம். ஒரு தகர டிரம்மின் மேல் ஒரு கண்ணாடி வட்டை வைத்து, அதன் மேல் கரகரப்பான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டு, இன்னொரு வட்டால் தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து மாதம். 'சொந்தக் கையால் கண்ணாடி தேய்த்த எழுத்தர்' என்று பேப்பரில் என் படத்தோடு செய்தி வந்தது. நான் ஆபீஸ் விட்டு வந்து ஆறிலிருந்து ஏழு வரை தேய்த்தேன். காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை தேய்த்தது என் பெண்டாட்டி சண்முகத்தாய். படத்தில் அவள் இல்லை. டிரம்மின் ஓரமும் அவள் முந்தானையில் ஒரு முனையும் மட்டும் விழுந்திருந்தது.

இனி விதிக்கு வருகிறேன், எல்லா வம்புக்கும் அதுதான் தாய். எங்கள் டெலஸ்கோப்பில் மோட்டார் கிடையாது. பூமி சுற்றுவதால், கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் குழாய்க்குள், அதை நாங்கள் ஐபீஸ் என்போம், கோள் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறிவிடும், மொத்தம் ஒன்றரை நிமிஷம். பிறகு நான் குழாயை லேசாகத் தட்டித் திருப்பி அடுத்த ஆளுக்கு வைப்பேன். ஆரம்பத்தில் இதில் தள்ளுமுள்ளு வந்தது, 'போதும்யா எழுந்திரும்' என்று ஒருவர் ஒருவரைப் பிடித்து இழுத்து, ஐபீஸ் இடித்துக் கண்ணோரம் வீங்கி, போலீஸ் ஸ்டேஷன் வரை போகப் பார்த்தது. அன்றைக்குத்தான் கழக நோட்டில் நான் எழுதினேன், இந்தக் கையால்தான்: 'விதி நான்கு. பார்க்கப்படும் கோள் ஐபீஸை விட்டு வெளியேறும் வரை அது அந்த உறுப்பினரின் முறை. அதற்கு முன் அவரை எழுப்பவோ, தோளைத் தொடவோ, அந்த ஐபீஸில் வேறொருவர் கண் வைக்கவோ உரிமை இல்லை.' எல்லாரும் கைதட்டினார்கள். மனுஷனுக்கு மனுஷன் நேரம் வைத்தால் சண்டை வரும், பூமியே நேரம் வைத்தால் யார் சண்டை போடுவது என்று பேசி அன்றைக்கு ஒரு சுற்று சுக்குக் காப்பி கூடுதலாகக் குடித்தோம்.

சுக்குக் காப்பி போட்டதும் சண்முகத்தாய்தான். பதினோரு வருஷமும் அவள்தான். குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோமே, அதே வழக்கம் மாடியிலும் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் வரிசையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உலாத்துவோம், செருப்பு முன்னுக்கு நகர்ந்ததும் வந்து உட்காருவோம். சண்முகத்தாயின் நீலவார்ச் செருப்பும் மாதா மாதம் வரிசையில் இருக்கும். அது முன்னுக்கு வரும் நேரத்தில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள். 'மதினி கை வேலையா இருக்காக' என்று யாராவது அந்தச் செருப்பைத் தாண்டிப் போவார்கள். செயலாளரான நானே பல தடவை தாண்டியிருக்கிறேன்.

அந்தத் தை மாதச் சனிக்கிழமை மாடியில் இருந்த சின்ன சிலிண்டர் தீர்ந்துபோனது. காப்பி இல்லை, டம்ளர் இல்லை, கழுவ வேலை இல்லை. ஏழு பத்துக்கு நீலவார்ச் செருப்பு முன்னுக்கு வந்தபோது அதன் பக்கத்திலேயே அவள் நின்றாள். சேலையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து வலது கண்ணை ஐபீஸில் வைத்தாள். எல்லாரும் மற்றக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்கள், அவள் பொத்தவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

ஒன்றரை நிமிஷம் ஆனது. இரண்டானது. ஐந்தானது.

"என்னட்டி, போச்சா?" என்றேன்.

"இல்லங்க. நடுவுலதான் இருக்கு."

"நடுவுல எப்படி இருக்கும்? ஓரத்துக்கு வந்திருக்கணுமே."

"வரலயே. நிக்குது."

வரிசையில் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் சிரிப்பு நின்றது, அரை மணி நேரத்தில் ஜவுளிக்கடை தெய்வானைதான் முதலில் அண்ணாந்து பார்த்து, "அண்ணாச்சி, இங்க வாங்க" என்றாள். மற்ற நட்சத்திரமெல்லாம் மேற்கே சரிந்து போய்க்கொண்டிருக்க, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஏணியின் கடைசிப் படிக்கு நேராக, மஞ்சளாகச் சனி மட்டும் ஆணி அடித்த கணக்காக நின்றது. நான் வாட்சைப் பார்த்தேன், தொட்டியைப் பார்த்தேன், மறுபடி வாட்சைப் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து அவள் பெயருக்கு எதிரே 'தொடக்கம் 7.10' என்று எழுதி, 'முடிவு' என்ற கட்டத்தை விட்டுவைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? ஒன்பதரைக்கு மற்றவர்கள் செருப்பை வரிசையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்கள், முறையை விட்டுக்கொடுக்க எவருக்கும் மனசில்லை.

மறுநாள் அவசரப் பொதுக்குழு கூட்டினேன். விவாதம் சனி ஏன் நிற்கிறது என்பதைப் பற்றி இல்லை, நிற்கிறது நிற்கிறதுதானே; சண்முகத்தாய் குளிக்கவும் ஒதுங்கவும் கீழே இறங்கினால் அவள் முறை முடிந்ததாகுமா என்பதுதான். ஒன்றரை மணி நேரம் பேசினோம். விதியில் கோள் வெளியேறுவதைப் பற்றித்தான் இருக்கிறதே தவிர ஆள் வெளியேறுவதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று தெய்வானை சுட்டிக்காட்டினாள். சண்முகத்தாய் இறங்கும் நேரத்தில் வேறு யாரும் கண் வைத்துவிடாதபடி ஐபீஸை ஒரு வெள்ளைத் துணியால் கட்டி முடிச்சுப் போடுவது என்று தீர்மானம் ஆனது. சண்முகத்தாய் இறங்கினாள், குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், ஏறிவந்து முடிச்சை அவிழ்த்துக் கண்ணை வைத்தாள். சனி காத்துக்கொண்டிருந்தது. பகலிலும் அங்கேயேதான் நின்றது, வெயிலில் ஊர்க் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் நீல வானத்தில் வெளிறின வளையத்தோடு தெரிந்ததாகச் சொன்னாள்.

அவள் சாப்பிட்டாளே, யார் சமைத்தது என்று கேட்பீர்கள். ஊர் சமைத்தது. அவளுக்கு மட்டும். தூக்குச்சட்டியில் ரசச்சோறும் கீரையும் மில் படியேறிப் போகும். எனக்கு ஒரு நாதியும் கொண்டுவரவில்லை. நான் மூன்று வேளையும் கடைப் பரோட்டா தின்று வயிறு எரிந்து, ராத்திரி தூக்கம் வராமல் வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் இருப்புக்கொள்ளாமல் கிடந்தது. வரிசையில் இருபத்திரண்டு ஜோடியாக இருந்த செருப்பு ஒரு வாரத்தில் நூறானது, கழகத்தில் சேராதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடியைப் போட்டுவைத்தார்கள், மாடி நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, மில் வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை செருப்பு வரிசை போனது. மழை பெய்து செருப்பெல்லாம் ஊறியது, காய்ந்தது, நாய் தூக்கிப் போனதற்குப் பதில் செங்கல் வைத்தார்கள். சாத்தூர் ரூட்டு டிரைவர் ராத்திரித் திருப்பத்துக்குச் சனியை அடையாளம் வைத்துக்கொண்டார். சனிக்கு நேர் கீழ்த் தெருவில் வீடு வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் போர்டே எழுதி மாட்டினார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. பத்தாவது நாள் மாடிக்கு ஏறி, ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி கேட்டேன்.

"அப்படி என்னதான்ட்டி பாக்கே? வளையம், அவ்வளவுதான? அதையே எத்தன நாளைக்கு?"

கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நீங்க நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க? 'வளையம் தெளிவு.' பதினோரு வருஷமும் அதே ரெண்டு வார்த்த. வளையத்துக்கும் நடு உருண்டைக்கும் நடுவுல ஒரு கறுப்பு இருக்கே, அத எழுதினீங்களா?"

"அது வெறும் இடைவெளி."

"வெறும் இடைவெளிதான். எம்புட்டு அழகா இருக்கு. ஒட்டாமயும் இருக்கு, விட்டுப் போகாமயும் இருக்கு."

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போய்ப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன், உட்கார முடியாமல் நின்றுகொண்டே தின்றேன்.

மாசி பிறந்ததும் வினை வேறு பக்கமிருந்து வந்தது. பங்குனி பதினைந்து சாயங்காலம் ஐந்து இருபத்திரண்டுக்குச் சனிப்பெயர்ச்சி என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. சனி கும்ப ராசியை விட்டு மீனத்துக்குப் போக வேண்டும். போனால் மகர ராசிக்காரர்களை ஏழரை வருஷம் பிடித்து ஆட்டிய சனி விலகும், மேஷ ராசிக்காரர்களைப் புதிதாகப் பிடிக்கும். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, சனி என்பது வாயு உருண்டை, வளையம் என்பது பனியும் கல்லும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினவன் நான். ஆனால் ஊருக்கு நம்பிக்கை இருந்தது, அந்தச் சனி இப்போது என் பெண்டாட்டியின் கண்ணுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது, அவள் விட்டால்தானே அது பெயரும்?

ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேஷக்காரர்களுக்குத் தலைவி தெய்வானை. புதுக் கடை கட்டிக்கொண்டிருந்தாள், கூரை போடும்வரை சனி பிடித்துவிடக் கூடாது என்பது அவள் கவலை. அவள் ஆட்கள் ஸ்டூலுக்குப் பஞ்சுமெத்தை தைத்துப் போட்டார்கள், பந்தல் போட்டார்கள், இளநீரும் பாதாம்பாலும் கொண்டுவந்து, 'ஆத்தா, கண்ண எடுத்துராத' என்று கும்பிட்டார்கள். மகரக்காரர்களுக்குத் தலைவர் மாவுமில் பால்ச்சாமி. பாவம், ஏழரை வருஷத்தில் மனுஷனுக்கு மில் பற்றி எரிந்தது, ஒரே மகன் கோபித்துக்கொண்டு போய் ஒரு போன் கூடப் போடவில்லை, இடுப்பு வேறு பிடித்துக்கொண்டது. இந்தப் பங்குனிக்காகத்தான் மனுஷன் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். திருநள்ளாறுக்கு வேன் எல்லாம் பேசி வைத்திருந்தவர், சனியே இங்கே நிற்கும்போது அங்கே போய் என்ன செய்ய என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி மாடியேறி வந்தார்.

"தாயி, நீயும் மகரம், நானும் மகரம். நாம பட்டது போதாதா? கண்ண எடுத்துரு தாயி, அவன் போகட்டும். அவன் போனாத்தான் எம் மகன் வருவான்."

"அண்ணாச்சி, ஏழரை வருஷமா அவன்தான் என்னப் பாத்தான், நான் குனிஞ்ச தல நிமிரல," என்றாள் சண்முகத்தாய். "இப்ப நான் அவனப் பாக்கேன். பாத்து முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

பால்ச்சாமி அழுதுவிட்டார். என்னைப் பார்த்து, "நீரு ஒரு ஆம்பளையா, உம்ம வீட்டம்மாவ நீரு எறக்கக் கூடாதா?" என்று கத்தினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளை இறக்கியே தீருவது, விதியையே மாற்றுவது என்று முடிவு செய்து, நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தத்துக்குக் கையெழுத்து வாங்கப் புறப்பட்டேன். முதல் கையெழுத்துக்குப் போனது ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தரிடம். அவளும் எங்கள் உறுப்பினர், நல்ல பொண்ணு, எதற்கும் மறுக்க மாட்டாள்.

எஸ்தர் பேனாவைத் தொடவில்லை. "அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"என்னது தெரியாதா?"

"ஐப்பசியில கண் முகாம் நடந்துச்சுல்ல. மதினிக்கு இடது கண்ணு அப்பவே போயிருச்சு. வலது கண்ணுலயும் நரம்பு காஞ்சுக்கிட்டே வருது. சொட்டு மருந்து விட்டாப் பங்குனி வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட மூணு தடவ சொன்னதா மதினி சொன்னாகளே."

நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தேன். சொல்லித்தான் இருந்தாள். முதல் தடவை சொன்னபோது நான் வால்நட்சத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன், 'ம்' என்றேன். இரண்டாவது தடவை சூரிய கிரகணம் பார்க்கிற கண்ணாடி எத்தனை வேண்டும் என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன், ஊர்ப் பிள்ளைகள் கண்ணுக்குக் கெடுதல் வரக் கூடாதே என்ற அக்கறையில், அவளைக் கையமர்த்தினேன். மூன்றாவது தடவை கரண்ட் போன ராத்திரி. 'எனக்கு இருட்டு கூடுதலா இருக்குங்க' என்றாள். 'நல்லதாப் போச்சு' என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன் நான். சண்டாளன்.

மில் படிக்கட்டில் செருப்புகளை மிதித்துக்கொண்டு ஏறினேன். அவள் அதே இடத்தில் இருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், எத்தனையோ காலத்துக்குப் பிறகு உட்கார்ந்தேன்.

"ஏட்டி, இருக்கிற கொஞ்சப் பார்வைய இதுலயா செலவழிக்கணும்? கடலப் பாக்கணும்னு சொல்லுவியே, கூட்டிட்டுப் போறேன். இல்ல, என் மூஞ்சியையாவது பாரேன்."

அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது, கண் மட்டும் அசையவில்லை. "உங்க மூஞ்சிய முப்பது வருஷமாப் பாத்தாச்சு. கண்ண மூடினாலும் தெரியும், காது மடல்ல இருக்கிற மச்சம் வரைக்கும். இத இப்பத்தான பாக்கேன். இதத் தேச்சது நானு. என்னத்தத் தேச்சோம்னு பாக்க வேண்டாமா?"

அன்றைக்குத் திருத்தத் தாளைக் கிழித்தேன். அதற்கப்புறம் நான்காவது விதிக்கு என்னைவிடப் பெரிய காவல்காரன் கிடையாது. மருந்தை நேரத்துக்கு நான் விட்டேன். ராத்திரி முடிச்சை நான் கட்டினேன், காலையில் நான் அவிழ்த்தேன். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் 'தெரியுதா?' என்று கேட்பேன், 'தெரியுது' என்பாள். மாசிக் கடைசியில் 'தெரியுது' என்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பங்குனி பிறந்ததும், வளையத்தின் இரண்டு முனையும் தெரியவில்லை, நடு மட்டும் தெரிகிறது, ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு ஒவ்வொரு நாளும் பயமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்பேர்ப்பட்ட பயம் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

பங்குனி பதினைந்து. நாலரை மணிக்கே மகரக்காரர்கள் மேளத்தோடும் வெடிக்கட்டோடும் மில் வாசலுக்கு வந்துவிட்டார்கள், பின்னாலேயே மேஷக்காரர்களும் வந்தார்கள். ஐந்து இருபத்திரண்டுக்குள் அவளை இறக்குவது என்று பால்ச்சாமி ஊரறியச் சொல்லியிருந்தார். நான் மாடி வாசலில் நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"விலகும்யா," என்றார் பால்ச்சாமி. "நீரு எழுதினதுதான அந்த விதி? நீரே அடிச்சிரும்."

"அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. பொதுக்குழுல மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும்."

"அப்ப இப்பமே தூக்கச் சொல்லும்!"

"விதிய மாத்தணும்னா பதினஞ்சு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். விதி ஒம்பது."

அவர் பின்னால் இருந்தவர்கள் பொறுமை இழந்து நெருக்கினார்கள். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள், நோட்டின் அட்டை கிழிந்தது, நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, "தொடக் கூடாது! தோளத் தொடக் கூடாது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மணி ஐந்து இருபது இருக்கும். அப்போது எனக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க. போயிருச்சுங்க."

என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது.

"மறஞ்சிருச்சு," என்றாள். "ஒன்னும் இல்ல. என் முற முடிஞ்சது. அவங்கள விடுங்க."

படிக்கட்டு அதிர்ந்தது. மேளம் அடித்தார்கள், வெடியைப் பற்றவைத்தார்கள், பால்ச்சாமி இடுப்பு வலியை மறந்து ஆடினார், அண்டாப் பாயசம் தெருவில் ஓடியது. தெய்வானை தலையில் கை வைத்து உட்கார்ந்தவள், சரி வருவது வரட்டும் என்று எழுந்து போய்க் கொத்தனாரைக் கூப்பிட்டாள். எல்லாரும் குனிந்து குனிந்து அவரவர் செருப்பைத் தேடி, பாதிப் பேர் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள். வெயில் இன்னும் இருந்ததால் வானத்தை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மாடியில் நானும் அவளும்தான். ஸ்டூலை விட்டு எழுந்து, கைப்பிடிச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த ஆளு நீங்கதான். பாருங்க," என்றாள்.

உட்கார்ந்து கண்ணை வைத்தேன்.

சனி இருந்தது. நட்டநடுவில், வெளிறின நீலத்தில், சுற்றிலும் வளையத்தோடு, அசையாமல் நின்றது. வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் அவள் சொன்ன இடைவெளி, அதை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகப் பார்த்தேன். ஒன்றரை நிமிஷம் எண்ணினேன். ஐந்து நிமிஷம் எண்ணினேன். அது போகவில்லை. அது எங்கேயும் போகவே இல்லை.

"போயிருச்சுல்ல?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

'ஆமா' என்று சொல்லிவிடலாம். அவள் நிம்மதியாக இறங்கி வருவாள், ஊருக்கும் திருப்தி, எனக்கும் சோறு கிடைக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பதினோரு வருஷம் நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதினவன் நான், அந்த ஒரு யோக்கியதைதான் என்னிடம் மிச்சம்.

"இல்லட்டி. அப்படியே நிக்குது."

கீழே இன்னும் வெடிச் சத்தம் கேட்டது.

"அப்ப என் கண்ணு," என்றாள்.

"ஆமா."

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன், மொட்டைமாடியில், பட்டப்பகலில், முப்பது வருஷத்தில் செய்யாததைச் செய்தேன். அவள் என் காது மடலைத் தடவி மச்சத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தேறினதும் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப முற யாருது?"

"கோளு வெளிய போகல. உன்னுதுதான்."

"அப்ப நீங்க ஏன் பாத்தீங்க?"

நியாயமான கேள்வி. நான்காவது விதியை இன்றுவரை மீறின ஒரே ஆள் நான்தான் என்று அன்றைக்கே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, ஸ்டூலைக் காலால் தொட்டுப் பார்த்து உட்கார்ந்து, தெரியாத கண்ணை ஐபீஸில் வைத்தாள்.

இருட்டினதும் சனி தொட்டிக்கு மேலே பழையபடி நின்றதை ஊரே பார்த்தது. பால்ச்சாமி பார்த்தார், பாயசம் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டார். வெடி வெடித்தாகிவிட்டது, மேளம் அடித்தாகிவிட்டது, இனி விலகின ஏழரையை யார் திருப்பி வாங்கிக்கொள்வது? பஞ்சாங்கத்தில் பெயர்ந்துவிட்டது என்று போட்டிருந்ததால் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டார்கள், தொட்டிக்கு மேலே நிற்பது சண்முகத்தாயுடைய சனி, அது வேறு கணக்கு என்றார்கள். சித்திரையில் பால்ச்சாமியின் மகன் போன் போட்டான். தெய்வானையின் கூரையும் நன்றாகத்தான் நின்றது.

கழகத்துக்கு இப்போது இரண்டாவது டெலஸ்கோப்பு தயாராகிறது, மற்றவர்கள் பார்க்க வேண்டுமே. டிரம்மைச் சுற்றி முறைவைத்து நடக்கிறோம். கண்ணாடி பதமாகிவிட்டதா என்று விரல் வைத்துச் சொல்வது சண்முகத்தாய், இதுவரை அவள் சொன்னது பிசகவில்லை. பேப்பர்க்காரர் மறுபடி வந்தார். டிரம்மின் பக்கத்தில் அவளை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னேன், நான் சட்டகத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவளைக் கைப்பிடித்து மாடிக்குக் கூட்டிப் போகிறேன். முடிச்சை அவிழ்க்கிறேன், அவள் உட்கார்ந்து கண்ணை வைக்கிறாள், மேலே பார்த்தால் சனி நிற்கிறது. சுக்குக் காப்பி இப்போது நான்தான் போடுகிறேன், காரம் கூடிப்போகிறது என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள், சொல்லட்டும். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே 'தொடக்கம் 7.10' அப்படியே இருக்கிறது, 'முடிவு' என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. வரிசையில் நீலவார்ச் செருப்புக்குப் பின்னால் என் செருப்புக் கிடக்கிறது. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய் அதன் பக்கத்தில் உட்காருகிறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.